அத்தியாயம் 7: குடும்பத்துக்கு ஒரு பழைய ஏழு சீட்டர்

சின்னக் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் தனியாகவோ இன்னொருவரோடோ அதில் போகிறார். ஏழு சீட்டர் வாங்குகிறவர் தாத்தா பாட்டி, பிள்ளைகள், பெட்டி படுக்கை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதற்காகவே அதை வாங்குகிறார். ஆனால் வாங்கும் நாளில் அந்த வண்டியில் இருப்பது இரண்டே பேர்: ஸ்டியரிங்கில் அவர், பக்கத்தில் புரோக்கர். ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஏழு பேரோடு ஏசி போட்டு ஏற்றம் ஏறும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது முதல் நீண்ட பயணத்தில்தான் தெரியவருகிறது. அப்போது தெரிந்து பயன் இல்லை. குடும்ப வண்டியைக் குடும்பத்தோடு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதலில் பணம். உங்களிடம் ஐந்து லட்சம் ரூபாய் இருக்கிறது என்றால் நாலேகால் லட்சத்துக்கு மேல் போகும் வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள். பார்த்தால் மனம் அதிலேயே நிற்கும். மீதி முக்கால் லட்சம் வாங்கிய பிறகு வரும் முதல் சில மாதங்களுக்கு உரியது. நான்கு டயரை மாற்றினாலே இருபதாயிரத்தைத் தாண்டும். கிளட்ச், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், ஏசி வேலை, இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் என்று ஒவ்வொன்றாக வரும். பழைய வண்டி என்றால் இந்தச் செலவு இருந்தே தீரும். அதற்குப் பணம் எடுத்து வைத்திருப்பவர் வண்டியை ஒழுங்காக வைத்திருப்பார். கையில் இருந்ததையெல்லாம் விலையில் போட்டவர் பழுதோடு ஓட்டத் தொடங்குவார்.

எந்த மாடல்?

மேலைநாடுகளில் நடுத்தரக் குடும்பம் நம்பியிருந்தது ஸ்டேஷன் வேகனை. இங்கேயும் 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்ட்டூரா, 2004-ல் டாடா இண்டிகோ மரீனா. எதுவும் நிலைக்கவில்லை. மூன்று வரிசை வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஸ்டேட்டும் ஆல்ட்டூராவும் இன்று ஆசைக்கு வைத்திருப்பவர்களின் வண்டிகள். உதிரிபாகம் தேடி அலைய நேரம் உள்ளவர்களுக்கு மட்டுமே.

குறைந்த பட்ஜெட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது 2012 ஏப்ரலில் அறிமுகமான முதல் தலைமுறை எர்டிகா. அதிலும் 1.4 லிட்டர் பெட்ரோல். டைமிங் செயின் உள்ள எளிய இன்ஜின், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கமானது, பாகங்கள் தாலுகா ஊர்களில்கூடக் கிடைக்கும். தரை தாழ்வாக இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். குறை என்னவென்றால் டிக்கி. மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் 135 லிட்டர் இடம்தான் மிஞ்சும். இரண்டு சின்னப் பைகள் போகும், அவ்வளவே. 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையில் அது 209 லிட்டராகக் கூடியது. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதையே பாருங்கள். கம்பெனி சிஎன்ஜி வண்டியில் சிலிண்டர் டிக்கியைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் தலைமுறை எர்டிகா டீசலில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின். மைலேஜும் இழுவையும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவரிடம் இருந்த வண்டி என்றால் டைமிங் செயின், டர்போ, இன்ஜெக்டர் என்று வரிசையாகச் செலவு வைக்கும். 2020 ஏப்ரலுக்குள் மாருதி டீசல் கார்களை அடியோடு நிறுத்திவிட்டது. மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓடும் குடும்பத்துக்கு டீசல் தேவையே இல்லை. எரிபொருளில் மிச்சமாகும் காசை ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை தின்றுவிடும்.

அடுத்தது இன்னோவா. தமிழ்நாட்டில் குடும்ப வண்டி என்றாலே பலருக்கு மனதில் வருவது இதுதான். 2005 முதல் 2016 வரை வந்த பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் நிற்கும். இதில் இருப்பது டைமிங் பெல்ட். உரிய கிலோமீட்டரில் அதை மாற்றாமல் விட்டு ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 டீசலில் செயின் உண்டு. ஆனால் அது இந்த அத்தியாயத்தின் பட்ஜெட்டுக்குள் அவ்வளவாக வராது.

குறைந்த பட்ஜெட்டில் கிடைக்கும் இன்னோவா பெரும்பாலும் டாக்ஸியாக ஓடியது. அதற்காகவே ஒதுக்க வேண்டாம். மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று உண்மையைச் சொல்லி, பெல்ட் மாற்றிய பில்லையும் சர்வீஸ் ரெக்கார்டையும் காட்டும் வண்டியை, 90,000 என்று மீட்டர் காட்டி எந்தக் காகிதமும் இல்லாத வண்டியைவிட நான் நம்புவேன்.

பலர் கவனிக்காத நல்ல வண்டி ஹோண்டா மொபிலியோ பெட்ரோல். 2014-ல் வந்து சில ஆண்டுகளிலேயே விற்பனை நின்றது. அதனால் பழைய சந்தையில் அதற்கு மவுசு குறைவு. வாங்குகிறவருக்கு அது லாபம். ஹோண்டா சிட்டியில் உள்ள அதே 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் என்பதால் இன்ஜின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பம்பர், விளக்கு, கதவு போன்ற பாடி பாகங்கள் தாமதமாகலாம். அடிபடாத வண்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். 2019-ல் வந்த ரெனோ டிரைபர் நகரத்துக்கு நல்ல வண்டி. மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் 625 லிட்டர் டிக்கி கிடைக்கும். ஏழு பேரும் உட்கார்ந்தால் 84 லிட்டர்தான். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். ஏழு பேரோடு மலை ஏறுகையில் முதல் கியரையும் இரண்டாம் கியரையும் விட்டு நகராது. அடிக்கடி மலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதைச் சொல்லமாட்டேன்.

ஷெவர்லே டவேரா, என்ஜாய் இரண்டும் விலை மலிவாகக் கிடைக்கும். ஆனால் இவற்றை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. உங்கள் ஊரிலேயே அந்த வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் ஒழிய வேண்டாம்.

வேரியன்ட்டைப் பாருங்கள்

ஒரே விலைக்கு 2016 மாடல் அடிப்படை வேரியன்ட்டும் 2014 மாடல் உயர் வேரியன்ட்டும் கிடைத்தால் நம் ஆட்கள் 2016-ஐ எடுப்பார்கள். ஆர்.சி.யில் வருடம் தெரியும், ஏர்பேக் தெரியாது. ஏபிஎஸ் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய வண்டிகளில் கீழ் வேரியன்ட்களில் இவை இல்லாமலே விற்றிருக்கிறார்கள். ஏழு உயிர்களை ஏற்றப்போகும் வண்டி இது. இரண்டு வருடம் பழையதானாலும் ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் உள்ளதை எடுங்கள். பின் வரிசைக்கான ஏசியும் பெரும்பாலும் உயர் வேரியன்ட்களில்தான் இருக்கும்.

குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டாம் தலைமுறை எர்டிகா 2019-ல் மூன்று நட்சத்திரமும், டிரைபர் 2021-ல் நான்கு நட்சத்திரமும் பெற்றன. மாருதி ஈகோ 2016-ல் பூஜ்யம் வாங்கியது. ஈகோ கடைக்கும் சரக்குக்கும் பிரமாதமான வண்டி. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போக அதை வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

டி போர்டு, வெள்ளம், டிங்கரிங்

மஞ்சள் போர்டில் ஓடிய வண்டியை ஆர்.டி.ஓ.வில் பெர்மிட்டை ஒப்படைத்து, வரி கட்டி, ஓன் போர்டாக மாற்றலாம். சட்டப்படி தவறில்லை. மாற்றியதை மறைத்து விற்பதுதான் தவறு. கூரையில் கேரியர் மாட்டிய துளைகளை அடைத்த தடம், டேஷ்போர்டின் கீழே வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்தபின் தொங்கும் ஒயர், மூன்றாம் வரிசை சீட்டின் பெல்ட் கொக்கிகளில் தேய்மானம் ஆகியவற்றைத் தேடுங்கள். சொந்த உபயோகத்து வண்டியில் மூன்றாம் வரிசை பெரும்பாலும் புத்தம்புதிதாகவே இருக்கும், ஏனென்றால் அதில் வருடத்துக்கு நாலைந்து தடவைதான் உட்கார்வார்கள். கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழுவழுப்பாகியிருந்து மீட்டர் 50,000 காட்டினால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி, உரிமையாளர் சம்மதத்தோடு சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாக வந்துவிடும். உரிமையாளர் சம்மதிக்கத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும், 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் பக்கம் என்று ஆயிரக்கணக்கான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவை கழுவித் துடைத்து வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வரும். சென்னை வண்டியை மதுரையிலோ கோவையிலோ பார்த்தால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; சுருளின் உள்ளே இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, முன் சீட்டின் இரும்புத் தண்டவாளம், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு ஆகியவற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். புது சீட் கவரும் தூக்கலான வாசனைத் திரவியமும் சேர்ந்து இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன மாதங்களிலோ அதற்கு அடுத்த மாதத்திலோ பெரிய தொகைக்குக் கிளெய்ம் இருந்தால் பேரம் பேச வேண்டாம். மூழ்கிய வண்டியின் ஒயரிங் கோளாறு எப்போது, எங்கே தலைகாட்டும் என்று எந்த எலக்ட்ரீஷியனாலும் சொல்ல முடியாது.

அடிபட்ட வண்டியை டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்திருப்பார்கள். பம்பர், ஃபெண்டர், கதவில் பட்டி பார்த்திருந்தால் பெரிய குற்றமில்லை. நம் ஊர்ப் போக்குவரத்தில் உரசாத வண்டி அபூர்வம். பானெட்டுக்குள் இன்ஜினின் இரு பக்கமும் ஓடும் அடித்தளச் சட்டத்தைப் பாருங்கள். கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்டமாக இருக்கும். ஒரு பக்கம் அப்படியும் மறுபக்கம் கோணல்மாணலாகவும் இருந்தால் முன்பக்கம் பலமாக மோதிய வண்டி. பின் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டையும் இதே மாதிரி பாருங்கள். மூன்றாம் வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்கும் பின்னால் வரும் லாரிக்கும் நடுவே இருப்பது அந்தத் தகடுதான்.

குடும்பத்தோடு ஒரு மணி நேரம்

மெக்கானிக் பார்த்து, காகிதங்களும் ஓரளவு சரி என்று தெரிந்த பிறகு இந்தச் சோதனைக்கு வாருங்கள். பெட்ரோலுக்கு நீங்களே பணம் கொடுப்பதாகச் சொல்லுங்கள். வண்டிக்காரர் கூடவே வரட்டும். ஆறு பேர் உங்கள் வீட்டிலிருந்து வரட்டும். பாட்டியும் கட்டாயம் வரவேண்டும். நேரம், உச்சி வெயில் அடிக்கும் மதியம்.

இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்கவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, என்ன புகை வருகிறது என்பதில் பாதி சேதி இருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. டீசல் வண்டியில் அழுத்தும்போதெல்லாம் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டரையோ டர்போவையோ பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் ஏறட்டும். இரண்டாம் வரிசை சீட்டை மடக்கி மூன்றாம் வரிசைக்குப் போக எத்தனை பேரின் உதவி தேவைப்படுகிறது என்று கவனியுங்கள். அங்கே வளர்ந்தவர் உட்கார்ந்தால் முழங்கால் எங்கே முட்டுகிறது? பத்து நிமிடத்தில் எழுந்து நிற்க ஆசைப்படுகிறாரா? எல்லா சீட்டிலும் பெல்ட் கொக்கி மாட்டுகிறதா? கடைசி வரிசையில் பெல்ட் சீட்டுக்கடியில் புதைந்து, எடுக்கவே முடியாத வண்டிகள் நிறைய உண்டு.

ஏசியை முழுதாக வைத்துக் கிளம்புங்கள். பதினைந்து நிமிடத்தில் கடைசி வரிசையில் இருப்பவர் குளிர்கிறது என்று சொல்லவேண்டாம், வேர்க்கவில்லை என்றாவது சொல்லவேண்டும். பிறகு ஓர் ஏற்றம். சேலம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு மலை இருக்கிறது. ஐந்தாறு வளைவு ஏறினாலே போதும். மலை இல்லாத ஊரில் மேம்பாலத்தின் பாதியில் ஓரமாக நிறுத்த முடிகிற இடம் பார்த்து, நிறுத்தி மறுபடி எடுங்கள். வண்டி பின்னால் சரியாமல் கிளம்புகிறதா, கிளட்ச் கருகும் வாடை வருகிறதா, வெப்பநிலை முள் நடுவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு பேரோடு ஓட்டியபோது ஒழுங்காக இருந்த முள் ஏழு பேரோடு ஏறுவதுண்டு. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலோ ஃபேன் வேலை செய்யாவிட்டாலோ அப்படித்தான் நடக்கும். திருநள்ளாறு போகும் வழியில் நின்று கொதிப்பதைவிட இங்கே தெரிவது மேல்.

இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா? வேகத்தடையில் பின்பக்கம் தரையைத் தட்டுகிறதா? வருடக்கணக்காகப் பாரம் ஏற்றிய வண்டியில் பின் ஸ்பிரிங் தளர்ந்து, டயர் சக்கரக் கூண்டில் உரசும் சத்தம் கேட்கும். திரும்பி வந்து நிறுத்தியதும் கீழே குனிந்து ஏதாவது சொட்டுகிறதா என்று பாருங்கள். ஏசி தண்ணீர் சொட்டுவது இயல்பு. ஆயிலோ நிறமுள்ள கூலன்ட்டோ சொட்டக்கூடாது. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரில் முழுப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.

காகிதம்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி உண்டா, செலுத்தாத இ-சலான் உண்டா என்பது பரிவாகன் தளத்திலேயே தெரியும். கடன் முடிந்த வண்டியாக இருந்தாலும் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யில் உள்ள எச்.பி.யை, அதாவது கடன் குறிப்பை, கேன்சல் செய்தால்தான் பெயர் மாற்றம் நடக்கும்.

பாண்டிச்சேரி பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து வரி கட்டவேண்டும். அதைக் கூட்டிப் பாருங்கள். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததால் அங்கிருந்து மலிவாக வரும் இன்னோவாக்களுக்கும் இதே கணக்குதான். கூடவே படிவம் 28-ல் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும். பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டி என்றால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். 2022 ஏப்ரலில் அதன் மத்திய அரசுக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, வாங்கிய முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாள்தான் அவகாசம். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது என்பதால் அந்த வித்தியாசத்தைக் கட்டத் தயாராக இருங்கள். விற்பவரின் செல்போன் எண் ஆர்.டி.ஓ. பதிவில் சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். ஓ.டி.பி. வராமல் விண்ணப்பம் வாரக்கணக்கில் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பதினைந்து, இருபதாயிரம் ரூபாயை நிறுத்திவைத்து, ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்ததும் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நேர்மையான ஓனர் இதற்கு ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவரிடம் வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் வீட்டுக்குத் திரும்புங்கள். எர்டிகாவும் இன்னோவாவும் தமிழ்நாட்டுச் சந்தையில் எப்போதும் விற்பனைக்கு இருக்கும் வண்டிகள்தான்.